ஒருவருக்குக் கரைக்கும் ஊசி, ஒருவருக்கு ஸ்ரென்ட், ஒருவருக்கு பைபாஸ், ஒருவருக்கு வெறும் குளிசை: ஏன்?

புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தங்கையின் கேள்வி இது. அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் இரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டு, அடுத்த நாள் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி ஸ்ரென்ட் (நாடியைத் திறந்து வைக்கும் உலோக வலைக்குழாய்) வைத்திருக்கிறார்கள். பெரியப்பாவுக்குச் சில வருடங்களுக்கு முன் கொழும்பில் பைபாஸ், அதாவது அடைப்பைச் சுற்றி மாற்றுவழி தைக்கும் சத்திரசிகிச்சை. அம்மப்பாவை அந்தக் காலத்தில் ஆறு கிழமை கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லையாம். மாமிக்கு அஞ்சியோகிராமில் (நாடிக்குள் சாயம் விட்டு எடுக்கும் எக்ஸ்றேப் படத்தில்) அடைப்பு இருக்கிறது என்று சொல்லியும் குளிசை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "ஒரே வருத்தத்துக்கு ஏன் இத்தனை விதமான வைத்தியம்? இதில எது திறம்?" என்று கேட்கிறார்.

ஒரே வருத்தம் அல்ல, இரண்டு. அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

இதயத்தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகள் 2.5 முதல் 4 மில்லிமீற்றர் வரைதான் அகலம். கொழுப்பு அவற்றின் உட்பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நாடிச் சுவருக்குள்ளேயே கொழுப்பும் அழற்சிக் கலங்களும் வருடக்கணக்கில் சேர்ந்து சுவர் உட்பக்கம் வீங்குகிறது. வாய்க்காலில் மண் படிவதுபோல அல்ல, வாய்க்கால் வரம்பே உள்ளுக்குத் தள்ளிக்கொண்டு வருவதுபோல. வீக்கம் மெல்ல மெல்ல வளர்ந்து வழியில் ஏறக்குறைய 70 வீதத்தை அடைத்துவிட்டால், மண்வெட்டி பிடிக்கும்போதோ சைக்கிள் மிதிக்கும்போதோ நெஞ்சு இறுக்கும். இருந்து ஆறினால் போய்விடும். இது முதலாவது வருத்தம். இரண்டாவது வேறு. வீக்கத்தின் மேலுள்ள மெல்லிய தோல் திடீரென்று வெடிக்கும், வெடித்த இடத்தில் இரத்தம் உறையும், சில நிமிடங்களில் நாடி முழுதாகவோ பெரும்பகுதியோ அடைபடும். அதுதான் மாரடைப்பு. வெடிக்கும் வீக்கம் பெரியதாக இருக்க வேண்டும் என்றில்லை. முதல்நாள் வரை பாதி வழியைக்கூட அடைக்காமல், ஒரு நோவும் தராமல் இருந்த வீக்கமே பல சமயம் வெடிக்கிறது. "நேற்றுவரைக்கும் தோட்டத்தில வேலை செய்த மனுசன்" என்று சாவீட்டில் சொல்லப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த வருத்தத்துக்கான வைத்திய வரலாறு ஏறக்குறைய 250 வருடம் நீளம். அதில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பட்ட பாடு. மிச்சம், பிரித்தறிந்த பிறகு கிடைத்த பலன்.

நடக்கும்போது வந்து நின்றால் போகும் நெஞ்சு நோவை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் லண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன். 1768இல் உரையாகச் சொன்னார், 1772இல் அச்சில் வந்தது. நாடி அடைப்புத்தான் காரணம் என்று அவருக்குத் தெரியாது. கொடுப்பதற்கு அபினைத் தவிர உருப்படியான மருந்தும் இல்லை. 1867இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த லோடர் பிரன்டன், ஏமைல் நைத்திரைற்றை முகரக் கொடுத்தால் நோ குறைவதைக் காட்டினார். 1879இல் வில்லியம் மரெல் அதே வேலைக்கு நைத்திரோகிளிசரீனைக் கொண்டுவந்தார். ஆம், டைனமைற்றில் இருக்கும் அதே பொருள். டைனமைற்றைக் கண்டுபிடித்துச் செல்வம் சேர்த்த அல்பிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய நோவுக்கு வைத்தியர்கள் நைத்திரோகிளிசரீனை எழுதிக் கொடுத்தார்கள்.

மாமியின் கைப்பையில் இருக்கும், நாக்குக்குக் கீழே வைக்கும் சின்னக் குளிசை இதுதான். 140 வருடமாக மாறவில்லை. இது அடைப்பை எடுக்காது. நாளங்களையும் நாடிகளையும் தளர்த்தி இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கும், அவ்வளவுதான். பலர் பிழைவிடுவது பாவிக்கும் முறையில். நின்றுகொண்டு வைத்தால் பிறஷர் இறங்கி மயங்கி விழலாம், இருந்துகொண்டுதான் வைக்க வேண்டும். விழுங்கக் கூடாது. மருந்து ஆவியாகிப் போகும் தன்மையுள்ளது. அதனால் வந்த கண்ணாடிப் போத்தலிலேயே, மூடி இறுக்கி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். பேப்பரில் சுற்றியோ பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டோ சட்டைப்பையில் கொண்டு திரிந்தால் வன்னி வெயிலுக்குச் சில கிழமைகளில் வெறும் மாவுதான் மிஞ்சும். போத்தலைத் திறந்து எட்டுக் கிழமைக்குப் பிறகு புதிது வாங்குங்கள். ஆண்மைக்குறைவுக்கு சில்டனாபில் குளிசை போட்டவர் 24 மணித்தியாலத்துக்குள்ளும், ரடலாபில் போட்டவர் 48 மணித்தியாலத்துக்குள்ளும் இதைத் தொடவே கூடாது. பிறஷர் ஆபத்தான அளவுக்கு விழும். வெட்கத்தில் இதை மறைப்பவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வருத்தத்தை, அதாவது கட்டி அடைத்து வரும் மாரடைப்பை, ஆள் உயிரோடு இருக்கும்போதே கண்டறியலாம் என்று 1912இல் எழுதியவர் சிக்காகோவின் ஜேம்ஸ் ஹெரிக். அதுவரை அது பிரேதப் பரிசோதனையில் தெரியும் விசயம். அவர் சொன்ன வைத்தியம் ஓய்வு. அந்த ஓய்வு பிறகு கடும் விதியாகிவிட்டது: இரத்தம் கிடைக்காமல் செத்த இதயத்தசை தழும்பாக ஆற ஆறு கிழமை எடுக்கும், ஆகவே ஆறு கிழமை படுக்கை. மலசலம் கழிக்கவும் எழும்பக் கூடாது, சாப்பாடு ஊட்டிவிட வேண்டும். அம்மப்பாவுக்குக் கிடைத்தது இந்த மரபின் கடைசிக் காலமாக இருக்க வேண்டும். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வைத்தியம் பலரைக் கொன்றது. அசையாமல் கிடந்தால் கால் நாளத்தில் இரத்தம் உறையும், அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகும். 1952இல் பொஸ்ரனில் சாமுவேல் லெவினும் பேர்னாட் லௌனும் நோயாளிகளைக் கதிரையில் இருத்திப் பார்த்தார்கள். கதிரையே பெரிய புரட்சியாகப் பார்க்கப்பட்டது. இன்று சிக்கலில்லாத மாரடைப்புக்காரரை அடுத்த நாளே நடக்க விடுகிறார்கள். ஆனாலும் எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்த அப்பாவைக் கட்டிலிலேயே வைத்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. வேண்டாம். முதல் கிழமை முற்றத்தில் ஐந்து, பத்து நிமிடம்; பிறகு ஒவ்வொரு கிழமையும் கூட்டி, ஒழுங்கைக்கும் சந்திக்கும் நடக்க விடுங்கள்.

1960களின் தொடக்கத்தில் இதயத்துடிப்பை இடைவிடாமல் கண்காணிக்கும் தனி வாட்டுகள் வந்தன. மாரடைப்பின் முதல் மணித்தியாலங்களில் சாவது பெரும்பாலும் துடிப்புத் தாளம் குலைந்துதான். உடனே மின்னதிர்ச்சி கொடுத்தால் பலர் பிழைப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு சாகிறவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது என்றிருந்தது பாதியாகக் குறைந்தது. ஒரு நாடியையும் திறக்காமலே கிடைத்த பலன் இது. வீட்டில் காத்திருக்காமல் எந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்காவது முதலில் போய்ச் சேருங்கள் என்று சொல்வதற்கு இதுவே போதிய காரணம்.

இனி பெரியப்பாவின் பைபாஸ். நாடியைக் கண்ணால் பார்க்க வழியில்லாத காலத்திலேயே சத்திரசிகிச்சை நிபுணர்கள் கத்தி வைத்துவிட்டார்கள். 1935இல் கிளாட் பெக் நெஞ்சுத் தசையை இதயத்தின் மேல் தைத்தார், அங்கிருந்து புது இரத்த வழி வளரும் என்ற நம்பிக்கையில். 1950இல் மொன்றியலில் ஆதர் வைன்பேர்க் மார்பு உட்சுவரில் ஓடும் நாடியை அறுத்து இதயத்தசைக்குள் சுரங்கம்போலத் துளைத்துப் புதைத்தார். இன்னொரு கூட்டம் அதே மார்பு நாடியை வெறுமனே கட்டிவிட்டால் இதயத்துக்கு இரத்தம் திரும்பும் என்றது. அந்தக் கட்டும் சிகிச்சைக்குப் பிறகு நோ போய்விட்டதாக நோயாளிகளும் மகிழ்ச்சியாகச் சொன்னார்கள். 1959இல் சியாற்றிலில் லெனாட் கொப் குழுவினர் 17 பேரை எடுத்து, சிலருக்கு நாடியைக் கட்டி, மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து, யாருக்கு எது என்று நோயாளிக்குச் சொல்லாமல் விட்டார்கள். இரண்டு கூட்டமும் ஒரே அளவுக்குச் சுகப்பட்டது. அந்தச் சத்திரசிகிச்சை அத்தோடு செத்தது. நெஞ்சு நோ என்பது நம்பிக்கைக்கும் இளகும் நோ. "அந்தக் கசாயம் குடிச்சன், அடைப்புக் கரைஞ்சிட்டுது" என்று யாராவது சொல்லும்போது இந்தப் 17 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாடியைப் பார்க்கும் வழி தற்செயலாகத்தான் வந்தது. ஜேர்மனியில் வேர்ணர் போர்ஸ்மன் 1929இல் தன் கை நாளம் வழியாக ஒரு குழாயை 65 சென்ரிமீற்றர் செலுத்தி, தன் இதயத்துக்குள்ளேயே கொண்டுபோய் எக்ஸ்றே எடுத்துக்கொண்டார், திட்டு வாங்கினார், 1956இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் முடியுரு நாடிக்குள் நேராகச் சாயம் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். 1958 ஒக்ரோபர் 30ஆம் திகதி கிளீவ்லண்டில் மேசன் சோன்ஸ் வால்வு வருத்தமுள்ள ஓர் இளைஞருக்குப் பெருநாடியில் சாயம் விடப்போக, குழாயின் நுனி நழுவி வலது முடியுரு நாடிக்குள் இருந்துவிட்டது. ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் சாயம் உள்ளே போய், இதயம் சில வினாடி நின்றது. இருமச் சொன்னார், இளைஞர் இரும, துடிப்புத் திரும்பியது. நாடி படத்தில் அச்சொட்டாகத் தெரிந்தது. இன்றைய அஞ்சியோகிராம் அன்றைக்குப் பிறந்தது.

பார்க்க முடிந்தபிறகு தைக்கவும் முடிந்தது. 1953இல் ஜோன் கிபன் இதய-நுரையீரல் இயந்திரத்தை மனிதரில் வெற்றிகரமாகப் பாவித்திருந்தார். 1964இல் லெனின்கிராட்டில் வசிலி கொலேசொவ் மார்பு நாடியை முடியுரு நாடியோடு நேராகத் தைத்தார். மேற்கு நாடுகள் அதைக் கவனிக்க நாளெடுத்தது. 1967 மே மாதம் கிளீவ்லண்டில் ஆர்ஜென்ரீனாக்காரரான ரெனே பவலோரோ காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு அடைப்பைச் சுற்றி மாற்றுவழி போட்டார். சோன்ஸ் படம் எடுத்த அதே ஆஸ்பத்திரி என்பது தற்செயல் அல்ல; படம் இல்லாமல் எங்கே தைப்பது?

பைபாஸில் அடைப்பை யாரும் சுரண்டி எடுப்பதில்லை. அது அப்படியே கிடக்கும். அதற்கு அப்பால் புது வழி இணைக்கப்படும். நெஞ்செலும்பை நெடுக்கே பிளந்து, இரத்தத்தை இயந்திரத்துக்குத் திருப்பி, பொற்றாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தால் இதயத்தை நிறுத்தித் தைப்பது வழமை; நிறுத்தாமல் துடிக்க விட்டே தைப்பவர்களும் உண்டு. இணைக்கும் குழாய் எது என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. இடது மார்பு நாடியை இதயத்தின் முன்பக்க நாடிக்குத் தைத்தால் பத்து வருடத்துக்குப் பிறகும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். கால் நாளம் அந்தக் காலத்துக்குள் ஏறக்குறைய பாதி அடைபடும்: குறைந்த அழுத்தத்துக்கென்று அமைந்த மெல்லிய சுவர், நாடியின் அழுத்தத்தைத் தாங்கித் தடித்து, பிறகு அதிலும் கொழுப்பு ஏறுகிறது. பெரியப்பா குளிசைகளை விட்டுவிட்டால், சுருட்டைத் தொடர்ந்தால், இது இன்னும் கெதியில் நடக்கும். பிளந்த எலும்பு கம்பியால் கட்டப்பட்டிருக்கும். பொருந்த ஆறு முதல் எட்டுக் கிழமை. அதுவரை தண்ணி வாளி தூக்குவதோ, கிணற்றில் அள்ளுவதோ, மோட்டார்சைக்கிள் ஓடுவதோ கூடாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். சலரோகக்காரருக்குக் காயம் சிவந்தாலோ, சீழ் கசிந்தாலோ, எலும்பு "கிளிக்" என்று அசைவது தெரிந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

நெஞ்சைப் பிளக்காமல் உள்ளிருந்தே திறக்கலாம் என்ற யோசனை இதயத்தில் அல்ல, காலில் தொடங்கியது. 1964 ஜனவரி 16ஆம் திகதி, அமெரிக்காவின் ஒரிகனில் சார்ள்ஸ் டொட்டர், கால் அழுகத் தொடங்கியிருந்த, காலை வெட்டச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டியின் கால் நாடியை வரவரப் பெரிய குழாய்களைச் செலுத்தி அகட்டினார். கால் தப்பியது. சூரிச்சில் அண்ட்ரியாஸ் குறுன்ட்சிக் அதையே பலூனாக்கினார். தன் வீட்டுக் குசினி மேசையில் பலூன்களை ஒட்டிப் பார்த்து, 1977 செப்ரெம்பர் 16ஆம் திகதி 38 வயது ஆண் ஒருவரின் முடியுரு நாடியைத் திறந்தார். மனிதர் விழித்திருக்க, மயக்கமருந்து இல்லாமல் நடந்தது.

பலூனுக்கு இரண்டு பலவீனம் இருந்தது. அது கொழுப்பை அள்ளி எடுப்பதில்லை. சுவரைக் கிழித்து விரிக்கிறது. கிழிந்த மடிப்பு உள்ளே சரிந்தால் மேசையிலேயே நாடி மூடும். நூற்றுக்கு ஐந்து பேர்வரை இது நடந்தது, அதனால் பக்கத்து அறையில் சத்திரசிகிச்சைக் குழு ஆயத்தமாக நிற்க வேண்டியிருந்தது. மேசையில் தப்பினாலும், மூவரில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் அதே இடம் திரும்பவும் சுருங்கியது. 1986இல் துலூஸில் ஜாக் புயெலும் லோசானில் உல்ரிக் சிக்வாற்றும் உலோக வலைக்குழாயை வைத்தார்கள். அதுதான் ஸ்ரென்ட். சரிவை அது தடுத்தது. ஆனால் உலோகத்தைக் கண்ட இரத்தம் உறையத் தொடங்கியது. கட்டுப்படுத்த, இரத்தம் உறையவிடாத வோபரின் கொடுத்தார்கள், இரத்தக்கசிவு கூடியது. அஸ்பிரினோடு இரத்தத்தட்டுகளைத் தடுக்கும் இன்னொரு குளிசையும் சேர்த்தால் போதும் என்று 1990களின் நடுவில் தெரிந்த பிறகே ஸ்ரென்ட் ஊரெல்லாம் பரவியது. அப்பா இன்று அஸ்பிரினும் குளோபிடோகிறெலும் சோடியாகப் போடுவதன் காரணம் இந்த வரலாற்றில் இருக்கிறது.

அடுத்த பிரச்சினை, வலைக்கு மேல் தழும்புச் சதை வளர்ந்து உள்வழி மீண்டும் குறுகுவது. 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பவுலோவில் எடுவார்டோ சூசா, ரப்பமைசின் பூசிய ஸ்ரென்டை முதன்முதலாக வைத்தார். ஈஸ்ரர் தீவு மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த மருந்து அது; கலங்கள் பெருகுவதைத் தடுக்கும். அமெரிக்கா 2003இல் அனுமதி கொடுத்தது. மீண்டும் சுருங்குவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் மருந்து சதையை மட்டுமல்ல, வலையை மூடவேண்டிய உட்தோலையும் வளரவிடாமல் வைத்தது. குளிசையை நடுவில் நிறுத்தியவர்களுக்கு மாதங்கள், வருடங்கள் கழித்துத் திடீர்க் கட்டி வந்தது. 2006இல் இதுதான் பெரிய பேச்சு. இப்போது வரும் ஸ்ரென்ட்களின் கம்பி மயிரளவு மெல்லியது, ஆபத்தும் குறைவு; ஆனால் இல்லாமல் போகவில்லை. மாரடைப்புக்குப் பின் வைத்தால் இரண்டு குளிசையும் பொதுவாக 12 மாதம், அஸ்பிரின் ஆயுளுக்கும். பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் "ஒரு கிழமை நிப்பாட்டுங்கோ" என்றால், ஸ்ரென்ட் வைத்த கிளினிக்கைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. வைத்து முதல் மாதத்தில் நிறுத்துவது மிகவும் ஆபத்து. கரைந்துபோகும் ஸ்ரென்டும் வந்தது. 2016இல் அமெரிக்க அனுமதி, அடுத்த வருடமே சந்தையை விட்டுப் போனது. தடித்த கம்பி, கூடுதலாகக் கட்டி. புதிது எல்லாம் முன்னேற்றம் அல்ல.

கத் லாப்பில் (குழாய் செலுத்தி அஞ்சியோகிராமும் ஸ்ரென்டும் செய்யும் அறையில்) நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால்: மணிக்கட்டு நாடியில் 2 மில்லிமீற்றர் அளவுக் குழாய், அதற்குள் 0.36 மில்லிமீற்றர் கம்பி அடைப்பைத் தாண்டும், அதன் மேல் சுருங்கிய ஸ்ரென்டோடு பலூன் போகும், பத்துக்கு மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்தில் சில வினாடி ஊதி, வலையைச் சுவரில் பதித்துவிட்டு, பலூன் வெளியே வரும். முன்பு தொடை வழியாகச் செய்தார்கள். மணிக்கட்டில் இரத்தக்கசிவை அழுத்தி நிறுத்துவது சுலபம். எங்கள் பக்கம் ஒரு விசயம் கூடுதல் கவனம்: பாவிக்கும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்தில் இருக்கிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிறியற்றினின் இரத்தப் பரிசோதனை பார்த்ததா என்று கேளுங்கள். சலரோகத்துக்கு மெற்போமின் போடுபவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இப்போது அப்பாவுக்குப் போட்ட ஊசி. 1933இல் வில்லியம் ரில்லெற், தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ரெப்ரோகொக்கஸ் பக்ரீரியா இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஒரு பொருளைச் சுரப்பதைக் கண்டார். ஸ்ரெப்ரோகைனேஸ் அது. 1958இலேயே மாரடைப்புக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் மாரடைப்புக்குக் காரணமே கட்டிதானா, அல்லது கட்டி பிறகு வந்ததா என்று வைத்திய உலகம் இருபது வருடம் சண்டை பிடித்தது. 1980இல் மார்க்கஸ் டிவூட் மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அஞ்சியோகிராம் எடுத்து, முதல் நாலு மணித்தியாலத்துக்குள் வந்தவர்களில் 87 வீதமானோருக்கு நாடி முழுதாக அடைபட்டிருப்பதைக் காட்டினார். சண்டை முடிந்தது.

1986இல் இத்தாலியில் 11,712 பேரில் நடந்த ஆய்வில் ஸ்ரெப்ரோகைனேஸ் 15 இலட்சம் அலகு ஒரு மணித்தியாலம் ஏற்றியபோது இறப்பு 13 வீதத்திலிருந்து 10.7க்கு இறங்கியது. 1988இல் 17,187 பேரில் நடந்த ஐசிஸ்-2 ஆய்வு இன்னும் பெரிய செய்தி சொன்னது: அஸ்பிரின் மட்டும் கொடுத்தாலே இறப்பு ஏறக்குறைய நாலில் ஒன்று குறைகிறது, இரண்டும் சேர்த்தால் 13.2 வீதம் 8 ஆகிறது. சில ரூபாய்க் குளிசை, விலையுள்ள ஊசிக்குச் சமமாக நின்றது. அந்த ஆய்வாளர்களிடம் ஒரு சஞ்சிகை, வயதுவாரியாக, வகைவாரியாகப் பிரித்துக் காட்டு என்று கேட்டதாம். தரவைத் துண்டு துண்டாக வெட்டினால் எதையும் "நிரூபிக்கலாம்" என்பதைக் காட்ட, அவர்கள் இராசிவாரியாகவும் பிரித்துப் போட்டார்கள்: மிதுனம், துலாம் இராசிக்காரருக்கு அஸ்பிரின் வேலைசெய்யவில்லை! பகிடிதான், மிதுன இராசிக்காரர் குளிசையை நிறுத்த வேண்டாம்.

ஸ்ரெப்ரோகைனேஸ் மலிவு, ஆனால் பிறஷரை இறக்கும், சிலருக்கு ஒவ்வாமை தரும், ஒருமுறை ஏற்றினால் உடலில் எதிர்ப்பொருள் உண்டாகி இரண்டாம் முறை பலிக்காது. ஆகவே ஏற்றிய திகதி கிளினிக் கொப்பியில் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும். புதிய மருந்தான ரெனெக்ரிப்ளேஸ் ஒரே தள்ளில், நிறைக்கேற்ப 30 முதல் 50 மில்லிகிராம் வரை நாளத்துக்குள் போய்விடும். 75 வயதுக்கு மேல் பாதியளவு. எந்தக் கரைப்பானும் நூறு பேரில் ஒருவர் அளவில் மூளைக்குள் இரத்தக்கசிவை உண்டாக்கும். அதனால்தான் அவ்வளவு அவசரத்திலும் தாதி நின்று "முந்தி பாரிசவாதம் வந்ததோ, தலையில அடிபட்டதோ, அண்மையில ஓப்பரேசன் செய்ததோ, வயிற்றால இரத்தம் போனதோ" என்று கேட்பது. ஈசிஜியில் குறிப்பிட்ட கோடு உயர்ந்திருந்தால்தான், அதாவது நாடி முழுதாக அடைபட்ட மாரடைப்புக்குத்தான், இந்த ஊசி. பாதி அடைத்த மாரடைப்புக்குப் போட்டால் நன்மையில்லை, கெடுதல்தான். "அவருக்குப் போட்டவை, இவருக்கு ஏன் போடேல்லை" என்ற சண்டை வாட்டுகளில் அடிக்கடி நடக்கும். பதில் ஈசிஜிப் பேப்பரில் இருக்கிறது.

மாரடைப்பு நடக்கும்போதே நேராகப் பலூன் போட்டுத் திறப்பது ஊசியைவிட நல்லது என்று 1990களிலிருந்து பல ஆய்வுகள் காட்டின. ஊசி எல்லோருக்கும் நாடியைத் திறக்காது. பலூன் பத்தில் ஒன்பதுக்கு மேல் திறக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: ஈசிஜியில் கண்டுபிடித்து 120 நிமிடத்துக்குள் பலூன் போட முடிய வேண்டும். இங்கேதான் வன்னியின் தூரம் வைத்தியத்தைத் தீர்மானிக்கிறது. கிளிநொச்சியிலிருந்து கத் லாப் உள்ள யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு 60 கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஏ9 வழியே ஆனையிறவு தாண்டி அம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தாலும், ஆயத்தம் செய்ய, குழு வந்துசேர நேரம் வேண்டும். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் சுற்றிப் போனால் 100 கிலோமீற்றருக்கு மேல். முதல் மணித்தியாலத்துக்குள் ஊசி போட்டால் ஆயிரம் பேரில் 65 உயிர் தப்பும், இரண்டாம் மணித்தியாலத்தில் போட்டால் அது 37 ஆகிவிடும் என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு சொல்கிறது. ஆகவே முல்லைத்தீவில் ஊசியைப் போட்டு, திறந்ததா என்று 60 முதல் 90 நிமிடத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, திறக்காவிட்டால் உடனேயும், திறந்தால் 24 மணித்தியாலத்துக்குள்ளும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதுதான் சரியான ஒழுங்கு. 2013இல் வந்த ஸ்ரீம் ஆய்வு, நோ தொடங்கி 3 மணித்தியாலத்துக்குள் வந்து, ஒரு மணித்தியாலத்துக்குள் பலூன் கிடைக்காதவர்களுக்கு, இந்த வழி நேரடிப் பலூனுக்கு ஏறக்குறைய ஈடு என்று காட்டியது. "முல்லைத்தீவில மினக்கெடுத்திப்போட்டாங்கள்" என்று வீட்டில் கவலைப்பட்டால், அது தேவையில்லாத கவலை. அப்பாவுக்கு நடந்தது புத்தகப்படியான வைத்தியம்.

கடைசியாக மாமி. அவருக்கு இருப்பது முதலாவது வருத்தம்: மெல்ல வளர்ந்த, வெடிக்காத வீக்கம். 2007இல் கறேஜ் ஆய்வு 2,287 பேரிலும், 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வு 5,179 பேரிலும் பார்த்தது இதைத்தான். நல்ல குளிசை வைத்தியத்தோடு ஸ்ரென்ட் அல்லது பைபாஸ் சேர்த்தவர்களும், குளிசையோடு மட்டும் நின்றவர்களும் சாவிலும் மாரடைப்பிலும் பெரிதாக வேறுபடவில்லை. காரணம் மேலே சொன்னதுதான்: ஸ்ரென்ட் ஒரு இடத்தை விரிக்கிறது, வெடிக்கப்போகும் வீக்கம் வேறிடத்தில் இருக்கலாம். குளிசை எல்லா நாடிக்கும் போகிறது. ஜப்பானின் அகிரா என்டோ பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் வகை மருந்து இந்த வேலையைச் செய்கிறது. 1994இல் 4,444 பேரில் நடந்த ஆய்வில் சிம்வஸ்ரற்றின் இறப்பை 30 வீதம் குறைத்தது. கொலஸ்ட்ரோல் சரியாகிவிட்டது என்று அதை நிறுத்துபவர்கள், சரியாக வைத்திருந்ததே அந்தக் குளிசைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். நோ குறைய ஸ்ரென்ட் உதவும், அது உண்மை. குளிசைக்கு அடங்காத நோ இருந்தால் மாமிக்கும் வைக்கலாம். ஆனால் இடது பிரதான நாடியில் அடைப்பு, அல்லது மூன்று நாடியிலும் அடைப்போடு சலரோகம், அல்லது இதயத்தின் பம்ப் பலவீனம் இருந்தால் கதை வேறு. சலரோகக்காரருக்குப் பல நாடி அடைப்பில் பைபாஸ் ஸ்ரென்டைவிட ஆயுளைக் கூட்டுகிறது என்று 2012இல் பிரீடம் ஆய்வு காட்டியது. ஆகவே மாமிக்காகக் கேட்கவேண்டிய கேள்வி "ஏன் ஸ்ரென்ட் வைக்கேல்லை" என்பதல்ல. எந்த நாடி, எத்தனை, இடது பிரதான நாடி எப்படி, எக்கோவில் (இதய ஸ்கானில்) பம்ப் எத்தனை வீதம், பைபாஸ் பற்றி யோசித்தார்களா: இவைதான்.

இதை வாசிக்கும் யாருக்காவது நெஞ்சில் பாரமோ இறுக்கமோ வந்து, வியர்த்து, 15 நிமிடம் தாண்டியும் போகாவிட்டால் வாய்வு என்று இஞ்சித்தண்ணியும் சோடாவும் குடித்துக் காத்திருக்க வேண்டாம். சலரோகக்காரருக்கும் பெண்களுக்கும் நோவே இல்லாமல் மூச்சுமுட்டு, தாடை நோ, மேல்வயிற்று எரிவு என்று மட்டும் வரலாம். 1990 அம்புலன்ஸ் இலவசம், 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. மோட்டார்சைக்கிளில் பின்னுக்கு இருத்திக் கொண்டுபோக வேண்டாம். வழியில் துடிப்புக் குலைந்தால் விழுந்துவிடுவார். அஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராமைச் சப்பி விழுங்கலாம்; முழுதாக விழுங்கினால் வேலைசெய்ய நேரமெடுக்கும். கையோடு கொண்டுபோக வேண்டியவை: கிளினிக் கொப்பி, பழைய ஈசிஜி (புதியதோடு ஒப்பிட இதுதான் பெரிய உதவி), டயக்னோசிஸ் காட், ஸ்ரென்ட் காட், அஞ்சியோகிராம் சீடி, போடும் குளிசைகளின் பைக்கற்றுகள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.